தோற்றாலும் பரவாயில்லையா? கொலம்பஸிலிருந்து ஒரு கடிதம் (நவம்பர் 2025)

அன்புள்ள அண்ணா,

படிக்க வந்து, இங்கேயே வேலையும் கிடைத்து கொலம்பஸில் தங்கிவிட்டவன் நான். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஆடுவது) என்றால் என்னவென்றே தெரியாமல் வந்தேன், இப்போது சனிக்கிழமை ஆனால் டிவி முன்னால்தான். போன வருடம் எங்கள் ஊர்ப் பல்கலை அணி ஒஹாயோ ஸ்டேட் மிச்சிகனிடம் 13-10 என்று தோற்ற அன்று ஊரே இழவு விழுந்ததுபோல் இருந்தது. ஆனால் அதே அணி ஜனவரியில் நோட்ர டேமை 34-23 என்று ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனது. இந்த வருடம் ஆடிய 11 ஆட்டத்திலும் வெற்றி. சனிக்கிழமை மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில் அவர்களிடம் தோற்றாலும், தேசியப் பட்டத்துக்கு 12 அணிகள் மோதும் பிளேஆஃபுக்குள் போய்விடும். அப்புறம் எதற்கு இந்த ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? வெறும் பழக்கமா? நீங்கள் மிச்சிகன் பக்கம் என்று தெரியும், இருந்தாலும் பக்கம் சாராமல் யார் ஜெயிப்பார்கள் என்றும் சொல்லுங்கள்.

க., கொலம்பஸ்

அன்புள்ள தம்பி,

பிளேஆஃப் கணக்கைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. தோல்விக்கான விலை குறைந்துவிட்டது. முன்பு அது எவ்வளவு பெரிய விலை என்று தெரிந்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். 1975 வரை இந்த இரண்டு அணிகளும் ஆடும் பிக் டென் கூட்டமைப்பிலிருந்து ஒரே ஒரு அணிதான் சீசன் முடிந்து நடக்கும் பவுல் ஆட்டத்துக்குப் போகலாம், மற்றவர்கள் வீட்டில்தான். 1972, 73, 74 ஆகிய மூன்று சீசன்களில் மிச்சிகன் 30 ஆட்டம் ஜெயித்தது, இரண்டே தோல்வி, ஒரு சமன். அந்த இரண்டு தோல்வியும் ஒரு சமனும் ஒஹாயோ ஸ்டேட்டுடன்தான். மூன்று வருடமும் எந்த பவுலுக்கும் போகவில்லை. 1973இல் ஆட்டம் 10-10 என்று முடிந்தபோது ரோஸ் பவுல் என்ற அந்த பவுல் ஆட்டத்துக்கு யாரை அனுப்புவது என்று கூட்டமைப்புப் பள்ளிகளின் விளையாட்டு இயக்குநர்கள் ஓட்டுப்போட்டு ஒஹாயோவை அனுப்பினார்கள். அன்றைய மிச்சிகன் பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. 2006இல் இரண்டு அணிகளும் தோல்வியே இல்லாமல், முதலிடமும் இரண்டாமிடமுமாக மோதிய ஆட்டத்துக்கு முந்தைய நாள் அவர் இறந்துபோனார்.

சரி, இப்போது அந்த நிலைமை இல்லை. ஆனால் ஆட்டத்தின் அர்த்தம் எல்லாம் அந்த விலையில்தான் இருந்தது என்றால் போன வருடம் நடந்ததை எப்படிப் புரிந்துகொள்வது? மிச்சிகன் 6 வெற்றி, 5 தோல்வி என்று, தரவரிசையிலேயே இல்லாமல் கொலம்பஸுக்கு வந்தது. ஜெயித்தாலும் பிளேஆஃப் கிடையாது, கூட்டமைப்புப் பட்டம் கிடையாது. சிறந்த தடுப்பாட்டக்காரர் வில் ஜான்சனும் இல்லை, முக்கியமான கேட்ச் பிடிப்பவர் கோல்ஸ்டன் லவ்லண்டும் இல்லை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் மொத்த ஆட்டத்திலும் எறிந்து அணியை முன்னேற்றியது 62 யார்டு, எதிராளி கையில் கொடுத்தது இரண்டு பந்து. அப்படியும் 10-10 என்று நின்ற கடைசி நிமிடங்களில், மிச்சிகன் பந்தோடு ஓடத்தான் போகிறது என்று தெரிந்தே ஒஹாயோ நிற்க, கலெல் மலிங்ஸ் 27 யார்டு ஓடினார். 45 நொடி மீதமிருக்கும்போது டொமினிக் ஸ்வாடா ஃபீல்ட் கோல் (காலால் உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்தார். அவ்வளவுதான். எந்தப் பரிசும் இல்லாத ஒரு ஆட்டத்தை அந்தப் பையன்கள் அப்படி ஆடினார்கள் என்பதுதான் உங்கள் கேள்விக்கு என் பதில்.

உங்கள் ஊர் பக்கத்திலிருந்தும் ஒரு பதில் இருக்கிறது. மிச்சிகனை ஜெயித்தால் ஒஹாயோ வீரர்களுக்குத் தங்கத்தில் ஒரு சின்னக் கால்சட்டை கொடுப்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். சாவிக்கொத்தில் மாட்டும் பதக்கம் அளவுதான் இருக்கும். வீரரின் பெயரெழுத்து, ஆட்டத்தின் ஸ்கோர் எல்லாம் அதில் பொறித்திருக்கும். 1934இல் பிரான்சிஸ் ஷ்மிட் பயிற்சியாளராக வந்தபோது, மிச்சிகன்காரனும் எல்லோரையும்போல ஒவ்வொரு காலாகத்தான் கால்சட்டை போடுகிறான் என்றார், அந்த வருடம் 34-0 என்று ஜெயித்தார்கள், அங்கிருந்து வந்த வழக்கம். ஜாக் சாயர், ட்ரெவியான் ஹெண்டர்சன், எமேகா எக்புகா இவர்கள் எல்லாம் 2021இல் சேர்ந்தவர்கள். தேசியப் பட்டம் வாங்கிக்கொண்டு தொழில்முறை லீக்கான என்எஃப்எல் போனார்கள். அந்தக் கால்சட்டை மட்டும் ஒன்றுகூட இல்லாமல் போனார்கள். சாயர் கொலம்பஸ் பக்கத்துப் பையன், டெக்சாஸுக்கு எதிரான அரையிறுதியில் பந்தைத் தட்டிப் பறித்து 83 யார்டு ஓடி அணியை இறுதிக்குக் கொண்டுபோனவர். அவருக்கே அது கிடைக்கவில்லை. இப்போது இருப்பவர்களில் சன்னி ஸ்டைல்ஸ், கேடன் கரி இருவரும் 2022இல் வந்தவர்கள், மூன்று முறை தோற்றிருக்கிறார்கள், இது அவர்களுக்குக் கடைசி வாய்ப்பு. பிளேஆஃபில் எப்படியும் இடம் உண்டு என்று அவர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

ஒஹாயோ பயிற்சியாளர் ரயன் டேயையும் சொல்ல வேண்டும். தேசிய சாம்பியன், ஆனால் மிச்சிகனுக்கு எதிராக இதுவரை ஒரு வெற்றி, நான்கு தோல்வி. அந்த ஒன்று 2019இல் வந்தது. 2001இல் ஜிம் ட்ரெசல் ஒஹாயோவின் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்ட நாளில், கூடைப்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் நின்று, ஆன் ஆர்பர் ஆட்டத்துக்கு இன்னும் 310 நாள் என்று எண்ணிச் சொன்னார், அந்த நவம்பரில் 26-20 என்று ஜெயித்தும் காட்டினார். கொலம்பஸ் தன் பயிற்சியாளரிடம் எதிர்பார்ப்பது அதைத்தான். இந்த வாரம் வளாகத்துப் பலகைகளில் மிச்சிகனின் முதலெழுத்தான எம் எழுத்தையெல்லாம் சிவப்பு டேப் ஒட்டி மறைத்திருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன்.

2021இலிருந்து மிச்சிகன் ஜெயித்த நான்கிலும் தரையில் ஓடி எடுத்த யார்டில் மிச்சிகன்தான் முன்னே. 2021இல் 297 யார்டு, ஹசன் ஹாஸ்கின்ஸ் மட்டும் ஐந்து டச்டவுன் (எதிராளி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் ஆறு புள்ளி). 2022இல் 252, அதில் டோனவன் எட்வர்ட்ஸ் ஓடியது 216. போன வருடம் 172க்கு 77. இந்த ஆட்டத்தில் வானத்தில் பறக்கும் பந்து கண்ணுக்கு அழகு, ஆனால் இரண்டு பக்கமும் முன்வரிசையில் முட்டிக்கொள்ளும் பெரிய உடம்புக்காரர்கள்தான் முடிவு செய்கிறார்கள். போன வருடம் ஒஹாயோ செய்த பெரிய தப்பும் அங்கேதான். ஜெரமையா ஸ்மித், எக்புகா என்று எறிந்தால் பிடிக்க ஆள் இருக்கும்போது, மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட் என்ற இரண்டு மலைகள் நிற்கும் நடுவிலேயே திரும்பத் திரும்ப ஓடப்போனார்கள். இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

அந்த இரண்டு பேரும் இப்போது என்எஃப்எல்லில். என் பயம் அங்கே ஆரம்பிக்கிறது. ஒஹாயோ குவாட்டர்பேக் ஜூலியன் சாயின் இந்த சீசனில் பத்து எறிந்தால் ஏறக்குறைய எட்டு கைக்குப் போய்ச் சேர்கிறது. ஸ்மித்தும் இன்னொரு கேட்ச் பிடிப்பவர் கார்னல் டேட்டும் போன வாரம் ரட்கர்ஸ் அணியுடன் நடந்த ஆட்டத்தில் இறங்கவில்லை, இங்கே இறங்குவார்கள் என்றே நினைக்கிறேன். இருவரும் முழு உடலோடு ஓடினால் மிச்சிகன் பின்வரிசை தாங்குவது கஷ்டம். அதைவிடக் கவலை அவர்களுடைய தடுப்பாட்டம். மேட் பாட்ரிஷியா தடுப்பாட்டப் பயிற்சியாளராக வந்தபின் 11 ஆட்டத்தில் எந்த அணியும் 16 புள்ளிக்கு மேல் எடுக்கவில்லை, சராசரி 8க்கும் கீழே. அவர்களுடைய பின்வரிசை வீரர் கேலப் டவுன்ஸ் எங்கே நிற்கிறார் என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஆட்டத்தை எதிராளிக்கு அரை நொடி முன்னால் படிக்கிற பையன் அவர்.

எதிரே மிச்சிகன் குவாட்டர்பேக் பிரைஸ் அண்டர்வுட், 18 வயது, ஆன் ஆர்பருக்குப் பக்கத்து பெல்வில் ஊர்க்காரர். எல்எஸ்யூவுக்கு (லூசியானா பல்கலை) போகிறேன் என்று சொல்லியிருந்தவர் கடைசியில் சொந்த ஊர்ப் பக்கமே வந்தார், அதற்காகவே எனக்கு அவர்மேல் ஒரு தனி வாஞ்சை. கை வலுவானது, கால் வேகமானது, ஆனால் ஓக்லஹோமா, யுஎஸ்சி அணிகளுக்கு எதிராக நெருக்கடி வந்தபோது 13 புள்ளியில் நின்றுவிட்டது அணி. பந்தோடு ஓடும் ஜஸ்டிஸ் ஹெய்ன்ஸ் காயத்தால் இந்த ஆட்டத்தில் இல்லை. இன்னொரு ஓட்டக்காரர் ஜோர்டன் மார்ஷல் நார்த்வெஸ்டர்ன் ஆட்டத்தில் தோளில் அடிபட்டு மேரிலாண்டுக்கு எதிராக ஆடவில்லை. அவர் முழுதாக ஆடினால் நம்பிக்கை உண்டு, பாதி உடம்போடு ஆடினால் அண்டர்வுட்டே தோளில் சுமக்க வேண்டும்.

மிச்சிகன் ஜெயிக்க ஒரு வழி இருக்கிறது. அண்டர்வுட்டை ஓட விட வேண்டும், பந்தை நீண்ட நேரம் கையில் வைத்து சாயினை ஓரத்திலேயே உட்கார வைக்க வேண்டும், முதல் பாதி முடியும்போது ஒரு டச்டவுன் வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கப்புறம் ஒஹாயோ மனதில் நான்கு வருடத் தோல்வி வந்து உட்காரும். பனி விழவும் வாய்ப்பிருக்கிறது என்கிறார்கள், அது எறிகிற அணிக்குத்தான் தொந்தரவு. 1950இல் கொலம்பஸ் பனிப்புயலில் மிச்சிகன் ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (பத்து யார்டு முன்னேற்றம்) எடுக்காமல், ஒரு பாஸ்கூட கைசேராமல் 9-3 என்று ஜெயித்திருக்கிறது, எதுவும் நடக்கும்.

ஆனால் பக்கம் சாராமல் சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பத்தில் ஒஹாயோ நடுவில் ஓடாமல் ஸ்மித்தை நோக்கி எறிகிறார்களா என்று பாருங்கள். எறிந்தால் டே போன வருடத்தை நன்றாகப் படித்திருக்கிறார் என்று அர்த்தம், படித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். என் கணிப்பு ஒஹாயோ ஸ்டேட் 24, மிச்சிகன் 13. சனிக்கிழமை பகல் 12 மணிக்கு ஆட்டம், இது முழுக்கத் தப்பாகிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அன்புடன்,
அண்ணா