தொண்ணூறுகளின் ரேவ் என்ற மின்னணு நடன இசையைப் போட்டுவிட்டு இப்போதும் சிலர் வீட்டில் தனியாக ஆடுவது ஏன்?

ரேவ் நடனத்துக்கு ஜோடியே தேவையில்லை, அதுதான் முதல் காரணம். 1992 மே மாதம் இங்கிலாந்தின் காசில்மார்டன் புல்வெளியில் பல்லாயிரம் பேர் கூடி நாள்கணக்கில் ஆடினார்கள். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் இப்படிப்பட்ட ரேவ் கொண்டாட்டங்களில் பொதுவாக அவரவர் ஸ்பீக்கரைப் பார்த்துத் தனியாகத்தான் ஆடுவார்கள். 1994இல் இந்தக் கூட்டங்களைக் கட்டுப்படுத்த அங்கே வந்த சட்டம், "திரும்பத் திரும்ப வரும் தாளம்" என்று இசையையே வர்ணித்தது. என்ன கூத்து!

அப்புறம் வயது. பதின்மத்திலும் இருபதுகளிலும் கேட்ட பாட்டு நினைவில் ஆழமாகத் தங்கிவிடும். அன்றைய இளைஞர் பலருக்கு இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. பாத்திரம் கழுவும்போது ரேவ் பாட்டுகளில் வரும் ரோலண்ட் 303 என்ற மின்னணு இசைக்கருவியின் அந்த நெளியும் பேஸ் (தாழ்சுருதி) ஒலி கேட்டால் போதும், ஈரக்கையோடு தோள் தானாகக் குலுங்கும். முழங்கால்தான் நாலே நிமிடத்தில் முரண்டு பிடிக்கும்.