வகுப்பறைத் தொட்டியில் ட்ரவுட் மீன் எப்படிப் பிழைக்கிறது?

அமெரிக்காவில் பல மாநிலப் பள்ளிகளில் ட்ரவுட்டை முட்டையிலிருந்து வளர்த்து ஓடையில் விடுகிறார்கள். குளிர்ந்த ஓடையில் வாழும் மீன் வகுப்பறையில் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் குளிரூட்டி. வீட்டு மீன்தொட்டிக்கு ஹீட்டர் போடுவோம், இங்கே நேர்மாறு. தண்ணீர் சுமார் 10 முதல் 12 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும். குளிர்ந்த நீரில்தான் ஆக்சிஜன் அதிகம் கரையும். ட்ரவுட்டுக்கு அது நிறையத் தேவை.

முட்டைகள் பொரிப்பகத்திலிருந்து கண்புள்ளி தெரியும் பருவத்தில், அதாவது உள்ளிருக்கும் குஞ்சின் கண் கரும்புள்ளியாகத் தெரியும்போது, வரும். அப்போதுதான் பயணத்தின் குலுக்கலைத் தாங்கும். பொரித்த குஞ்சு வயிற்றில் தொங்கும் மஞ்சள்கருப் பையை வைத்தே கொஞ்ச நாள் ஓட்டிவிடும். அது கரைந்ததும் மேலே நீந்தி வந்து தூள்தீனி தின்னும்.

உண்மையான தலைவலி அப்புறம்தான். மிஞ்சிய தீனியும் கழிவும் மீனுக்கு நஞ்சான அம்மோனியாவாகும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குளிரில் மெதுவாகத்தான் பெருகும். அதனால் பிள்ளைகள் நீரைச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். குளோரின் நீக்கிய தண்ணீரைப் பகுதி பகுதியாக மாற்றுவார்கள். வேதியியல் பாடமே அங்கு நடந்துவிடும்! தீனியை அள்ளிப் போடும் ஆர்வக்கோளாறுதான் பெரும்பாலும் குஞ்சுகளைக் கொல்கிறது என்பது என் கணிப்பு.

வசந்தத்தில், மாநிலம் அனுமதித்த ஓடையில் மட்டுமே விடலாம். நோய் பரவக்கூடும் என்பதால் அதில் சலுகை கிடையாது.