நூலக மேசையிலிருந்து: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்மா, அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலை என் மகள் மூன்று தடவை படித்துவிட்டாள். "இதை யாராவது நல்ல படமாக எடுக்க வேண்டும்" என்றேன். "எடுக்கவே கூடாது, கெடுத்துவிடுவார்கள்" என்று சண்டைக்கு வருகிறாள். நீங்கள் யார் கட்சி?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மகள் கட்சி என்றிருப்பேன். அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

தீவுகளால் ஆன ஓர் உலகில் மந்திரவாதியாகும் சிறுவனின் கதை இது. இதில் மந்திரம் என்பதே பெயர்தான். ஒவ்வொருவருக்கும் ஊர் கூப்பிட ஒரு பெயர், உள்ளே மறைத்துவைக்க ஒரு மெய்ப்பெயர். மெய்ப்பெயரை அறிந்தவன் கையில் உங்கள் உயிரே இருக்கிறது. நாயகனை ஊரார் கூப்பிடுவது 'ஸ்பாரோஹாக்', அதாவது வல்லூறு. 'கெட்' என்பது அவன் மெய்ப்பெயர். நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நான் வகுப்பில் சொன்னதுமே ஒருத்தி எழுந்து, "எங்க பாட்டிகூட தாத்தா பேரைச் சொல்லாது டீச்சர், ரேஷன் கடையில கேட்டா என்னைத்தான் சொல்லச் சொல்லும்" என்றாள்.

2004 டிசம்பரில் அமெரிக்காவின் சை ஃபை சேனல் இதைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது, அந்த இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிவிட்டார்கள். ஊரே 'கெட்' என்று கூப்பிடுகிறது, 'ஸ்பாரோஹாக்' ரகசியம். எடுத்தவர்கள் புத்தகத்தைத் திறந்தாவது பார்த்தார்களா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிடப் பெரிய கொடுமை இன்னொன்று. 1968-இல் வெளிவந்த நாவலிலேயே லெ குவின் தெரிந்தே செய்த காரியம், அந்தத் தீவுகளின் மக்களில் பெரும்பாலானவர்களைக் கறுப்பாகவும் மாநிறமாகவும் படைத்தது. கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் உயிர்த்தோழன் வெட்ச் நல்ல கறுப்பு. முதல் அத்தியாயத்தில் கொள்ளையடிக்க வருகிற கார்க் இனத்தார்தான் வெள்ளைத் தோல்காரர்கள். தொடரில் கெட் வெள்ளைக்காரப் பையனாகிவிட்டான். குரு ஓகியனாகக் கறுப்பின நடிகர் டேனி குளோவரைப் போட்டதோடு அவர்களுக்குக் கடமை முடிந்தது. லெ குவின் அந்த மாதமே 'ஸ்லேட்' இதழில் மனம் நொந்து எழுதினார். உரிமையை விற்ற பிறகு அவர் பேச்சு எடுபடவில்லை.

2006-இல் ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் நிறுவனம் எடுத்த படத்தின் கதை வேறு. பல வருஷம் முன்பே அந்த நிறுவனத்தின் இயக்குநர் ஹயாவ் மியாசாகி கேட்டபோது, அவர் யாரென்று தெரியாததால் லெ குவின் மறுத்துவிட்டார். பிறகு அவருடைய 'டோட்டோரோ' படத்தைப் பார்த்து மனம் மாறினார். ஆனால் கடைசியில் படத்தை இயக்கியது மியாசாகியின் மகன் கோரோ. அவருக்கு அது முதல் படம். காட்சிகள் கண்ணை நிறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் தனக்குள்ளிருந்தே எழும் இருட்டை ஒருவன் எதிர்கொள்வதாக லெ குவின் எழுதிவந்தாரே, அது போய், தீமை மொத்தமும் ஒரு வில்லன் தலையில் ஏறிவிட்டது. அவனைக் கொன்றால் சுபம். "இது என் புத்தகமல்ல, உங்கள் படம், நல்ல படம்" என்று கோரோவிடம் லெ குவின் சொன்னதாகப் பதிவு உண்டு. பிறகு தன் குறைகளையும் விரிவாக எழுதினார்.

அப்படியிருந்தும் ஏன் கட்சி மாறினேன் என்று சொல்கிறேன்.

பள்ளி நூலகம் என் பொறுப்பில் இருந்த காலத்தில், வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் எட்டாம் வகுப்புக்கு இந்த நாவலைத் தமிழில் சொல்லிக்கொண்டே படிப்பேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண். கூடப் படிக்கிற பிள்ளைகளே 'கருவாச்சி' என்று கூப்பிடுவார்கள். கார்க் கொள்ளையர் வருகிற இடத்தில், "அப்போ நம்ம பையன் என்ன கலரு டீச்சர்?" என்றாள். சொன்னேன். அவன் தோழன் இன்னும் கறுப்பு என்றும் சொன்னேன். வாயைத் திறக்கவில்லை. தன் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

எங்கள் பிரதியின் அட்டையிலும் வெளுத்த முகத்தோடு ஒருவன்தான் நின்றான். இரவல் போன புத்தகம் திங்கட்கிழமை திரும்பி வந்தபோது, அந்த முகத்தில் பழுப்பு ஸ்கெட்ச் பேனா தீட்டியிருந்தது. வழுவழு அட்டையில் மை ஒட்டாமல் திட்டுத்திட்டாய் நின்று, தேய்த்த விரலின் ரேகையோடு காய்ந்திருந்தது. நூலகப் புத்தகத்தில் கிறுக்கினால் நான் சும்மா விட்டதே இல்லை. அதை மட்டும் அப்படியே அலமாரியில் வைத்தேன்.

அந்தப் பெண்ணுக்காகப் படம் வரட்டும். மூன்றாள் உயரத் திரையில் அவள் நிறத்தில் ஒருவன் நிற்கட்டும். லெ குவினுக்கே அந்த ஆசை இருந்தது. இயக்குநர் மைக்கேல் பவலுடன் சேர்ந்து திரைக்கதைகூட எழுதினார், படமாகவில்லை. டிராகனைச் சின்னதாகக் காட்டினாலும் எனக்கு வருத்தமில்லை. தான் செய்த தவறால் கூனிக்குறுகிக் கிடக்கும் கெட்டிடம் வெட்ச் தன் மெய்ப்பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறானே, அந்த இடத்தில் பின்னணி இசையை நிறுத்தத் தெரிந்த இயக்குநர் வேண்டும். உங்கள் மகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்வாள்.

கேள்வி: படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகம் படித்தால் நடிகர் முகம்தான் வந்து நிற்கிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: நிற்கத்தான் செய்யும். அதனால் புத்தகத்தை முதலில் எடுங்கள். மேலே சொன்ன நாவலையே எடுத்துக்கொள்ளுங்களேன், பத்தே அத்தியாயம். ராத்திரிக்கு ஒன்றாகப் பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்தால் அரையாண்டு விடுமுறையோடு முடிந்துவிடும்.