தீசிஸ்ல சினிமாவை ஆதாரமா காட்டலாமா?

கேள்வி: நான் வரலாறு பிஎச்டி பண்றேன், பழைய போர்ப் படங்கள்தான் என் தலைப்பு. கைடு என்னடான்னா "படத்தைப் போய் யாராவது ஆதாரமா காட்டுவாங்களா"ங்கறாரு. காட்டலாமா சார்? புத்தகம்னா பக்க எண் போடலாம், படத்துக்கு என்னத்த போடறது?
– ஒரு ஆராய்ச்சி மாணவி

பதில்: தாராளமா காட்டலாம். ஆனா எதுக்கு ஆதாரமா காட்டறீங்கங்கறதுதான் முக்கியம், உங்க கைடு பயப்படறதும் அதுக்காகத்தான் இருக்கும். 1950-ல எடுத்த படம் 1700-ல நடந்த சண்டையைக் காட்டுதுன்னு வைங்க, அது 1700-க்கு ஆதாரமே கிடையாது, ஆனா 1950-ல இருந்தவங்க அந்தச் சண்டையை எப்படி நினைச்சுப் பாத்தாங்கங்கறதுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்கறது கஷ்டம். ஆவணப்படம்னாலும் கண்ணை மூடிட்டு நம்பிடாதீங்க. முதல் உலகப் போரப்போ, 1916-ல வந்த 'தி பேட்டில் ஆஃப் த சோம்'ங்கற ஆவணப்படத்துல வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறிப் பாயற காட்சி ரொம்பப் பிரபலம், அது சண்டைக்களத்துல எடுத்ததில்ல, நடிக்க வெச்சு எடுத்ததுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க.

ரெஃபரன்ஸ் எழுதறது பெரிய விஷயமில்ல. அதுக்கு ஏபிஏ (APA), எம்எல்ஏ (MLA)-னு ரெண்டு பிரபலமான ஸ்டைல் இருக்கு. ஏபிஏ ஸ்டைல்னா ஆசிரியர் பேர் வர்ற இடத்துல டைரக்டர் பேர், அப்புறம் வருஷம், படத்தோட பேர், தயாரிச்ச கம்பெனி. எம்எல்ஏ ஸ்டைல்ல பொதுவா படத்தோட பேர்தான் முதல்ல வரும், டைரக்டரோட வேலையைப் பத்தியே எழுதறீங்கன்னா அவர் பேரை முன்னாடி கொண்டு வரலாம்.

பக்க எண்ணுக்குப் பதிலா டைம்ஸ்டாம்ப், அதாவது மணி, நிமிஷம், விநாடி. இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க, ஏன்னா ஒரே படம் எல்லா காப்பியிலயும் ஒரே நேரத்துக்கு ஓடாது. சினிமா பொதுவா விநாடிக்கு 24 ஃபிரேம் (அதாவது 24 படம்), ஐரோப்பா பக்கம் வந்த PAL-ங்கற டிவி முறை டிவிடில அதையே 25 ஃபிரேமா ஓட்டுவாங்க, அதனால ரெண்டு மணி நேரப் படம் கிட்டத்தட்ட அஞ்சு நிமிஷம் முன்னாடியே முடிஞ்சிரும், நீங்க ப்ளூரே பாத்து 1:40:00-னு குறிச்ச காட்சி அந்த டிவிடில 1:36:00-லயே வந்துட்டுப் போயிருக்கும், சரிபாக்கறவர் நீங்க தப்பா எழுதிட்டீங்கன்னுதான் நினைப்பாரு.

வெர்ஷன் அதைவிடப் பெரிய தலைவலி. 'பிளேட் ரன்னர்'ங்கற ஹாலிவுட் படம் 1982-ல வந்தப்போ ஹீரோவோட குரல்ல கதை சொல்றதும் சந்தோஷமான முடிவும் இருந்துச்சு, 1992-ல டைரக்டர்ஸ் கட்னு வந்த வெர்ஷன்ல ரெண்டையும் தூக்கிட்டாங்க, 2007-ல ஃபைனல் கட்னு இன்னொண்ணு வந்துச்சு. வெறுமனே 1982-னு போட்டுட்டு படத்தோட முடிவைப் பத்தி நாலு பக்கம் எழுதினீங்கன்னா எந்த முடிவுன்னு படிக்கறவருக்கு எப்படித் தெரியும்? அதனால எந்த வெர்ஷன், டிவிடியா ப்ளூரேயா ஸ்ட்ரீமிங்கா, யார் வெளியிட்டதுன்னு முதல்தடவை அந்தப் படத்தைச் சொல்றப்பவே அடிக்குறிப்புல போட்டுருங்க, ஸ்டைல் கட்டாயப்படுத்தலைன்னாலும் போடுங்க.

வசனத்தை மேற்கோள் காட்டறதா இருந்தா சப்டைட்டிலை அப்படியே எடுத்துப் போடாதீங்க, திரையில படிக்க நேரம் பத்தாதுன்னு பாதியைச் சுருக்கித்தான் போட்டிருப்பாங்க. மொழி தெரிஞ்சா காதால கேட்டு எழுதுங்க, தெரியலைன்னா சப்டைட்டில்லேர்ந்து எடுத்ததுன்னு சொல்லிடுங்க. இதையெல்லாம் படம் பாக்கறப்பவே குறிச்சு வைங்க, ஸ்ட்ரீமிங்ல இன்னிக்கு இருக்கற படம் நீங்க தீசிஸ் சப்மிட் பண்றப்போ இருக்கும்னு சொல்ல முடியாது.