தீபாவளி விருந்தும் சேவைப் பணமும்: ஒரே கணக்கில் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் சேவை சங்கத்துக்கு இந்த ஆண்டுதான் பொருளாளர் ஆனேன். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறன்று மண்டபத்தில் உறுப்பினர் குடும்பங்களுக்கு விருந்து. அதே மேடையில், காப்பகத்துப் பிள்ளைகள் 60 பேருக்குத் துணியும் இனிப்பும் கொடுக்கப் போகிறோம். நன்கொடை தருபவர்கள், வருமான வரிச் சலுகை பெற உதவும் 80ஜி ரசீது கேட்கிறார்கள். செயலாளரின் தம்பி சிங்கப்பூரிலிருந்து 50,000 ரூபாய் அனுப்புகிறேன் என்கிறார். பிள்ளைகளை அழைத்து வருவதில் தொடங்கி ரசீது வாங்கித் தருவது வரை எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாக முடித்துத் தருவதாக ஒருவர் வந்திருக்கிறார். சரி என்று சொல்லலாமா? (தஞ்சாவூர் மாவட்ட வாசகர் ஒருவர்)

ஆடிட்டர் பதில்:

சொல்லாதீர்கள். முன்பணம் எதுவும் கொடுக்கவில்லை என்றால் இன்றே அவருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் பணத்தை இரண்டாகப் பிரிப்போம்.

உறுப்பினர்களின் சந்தா உங்கள் வீட்டுப் பணம் மாதிரி. விருந்து, மண்டப வாடகை, மைக் செட் எல்லாம் அதில்தான் நடக்க வேண்டும். போதவில்லை என்றால் தலைக்கு இவ்வளவு என்று உறுப்பினர்களிடமே வாங்குங்கள். ‘பிள்ளைகளுக்குத் துணி’ என்று சொல்லி வெளியே வசூலித்த பணம் உங்களுடையதே அல்ல. அதில் ஒரு இலைச் சாப்பாடு கூடப் போடக்கூடாது. லயன்ஸ் சங்கங்களில் நிர்வாகக் கணக்கு, சேவைக் கணக்கு என்று இரண்டாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான்: பொதுமக்கள் கொடுத்தது பொதுமக்களுக்கே போய்ச் சேர வேண்டும். உங்களிடம் ஒரே வங்கிக் கணக்குதான் இருக்கிறதென்றால் வசூல் தொடங்கும் முன் இன்னொன்று திறந்துவிடுங்கள். ஒரே நாள், ஒரே மண்டபம் என்றாலும் பில்லைத் தனித்தனியாக வாங்குங்கள்.

அடுத்து 80ஜி. புதிய வருமான வரிச் சட்டம் பிரிவு எண்களை மாற்றியிருக்கிறது. எல்லோருக்கும் பழகிய பெயரிலேயே சொல்கிறேன். சங்கம் பதிவு பெற்றிருக்கிறது என்பதற்காக 80ஜி ரசீது கொடுத்துவிட முடியாது. வருமான வரித்துறையின் தனி அனுமதி வேண்டும். பல சங்கங்கள் இதற்கென்றே தனியாக ஒரு டிரஸ்ட் வைத்திருக்கும். உங்களிடமும் அப்படி இருந்தால், பணம் நேராக டிரஸ்டின் கணக்குக்கு வர வேண்டும், டிரஸ்டே செலவு செய்ய வேண்டும். அனுமதிக்குக் காலக்கெடு உண்டு. உத்தரவை எடுத்து, எந்த ஆண்டு வரை செல்லும் என்று பாருங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை கிடையாது. ஜவுளிக்கடைக்காரர் 60 சட்டையைச் சும்மா கொடுத்தால் அதற்கும் கிடையாது. பொருளுக்கு 80ஜி இல்லை, பணத்துக்கு மட்டும்தான்.

இன்னொன்றையும் நன்கொடையாளரிடம் கேளுங்கள்: “நீங்கள் வரி கட்டுவது பழைய முறையிலா, புதிய முறையிலா?” புதிய முறையில் இருப்பவருக்கு இந்த ரசீதால் ஒரு ரூபாய் பயனில்லை. சம்பளக்காரர்களில் பலர் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். இதை ஒரு வார்த்தை சொன்னாலே பாதிப் பேர் ரசீதுப் பேச்சை விட்டுவிடுவார்கள்.

இனி அந்தப் பேக்கேஜ்காரர். ரசீது ‘வாங்கித் தருகிறேன்’ என்று யார் சொன்னாலும், அது உங்களுக்குச் சம்பந்தமில்லாத வேறொரு டிரஸ்டின் ரசீதுதான். பணம் அங்கே போகும், கமிஷன் பிடித்துக்கொண்டு மீதி ரொக்கமாகத் திரும்பி வரும். இருபது வருடமாக இந்த வியாபாரத்தைப் பார்த்து வருகிறேன். முன்பெல்லாம் காகிதம் போதும். இப்போது யார் எவ்வளவு கொடுத்தார் என்று டிரஸ்ட் ஆண்டுதோறும் வருமான வரித்துறைக்குப் பட்டியல் தர வேண்டும். நன்கொடையாளரின் பேன் எண்ணோடு அது ஒத்துப் பார்க்கப்படும். என்னிடம் வந்த ஒரு சங்கத்தில், தீபாவளி வசூலுக்கு இப்படி வெளி ரசீது கொடுத்திருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து நோட்டீஸ் வந்தது நன்கொடை கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு. ரசீது கொடுத்தவரின் போன் அணைந்து கிடந்தது. நல்ல மனதோடு கொடுத்த மனிதர் என் அலுவலகத்தில் உட்கார்ந்து, “நான் என்ன சார் தப்பு செய்தேன்?” என்று கேட்டதை என்னால் மறக்க முடியவில்லை.

சிங்கப்பூர்த் தம்பி விஷயம் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன்படி வெளிநாட்டுப் பணம் வாங்க உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். ஆனால் ஒரு விலக்கு உண்டு. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து, முறையான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆகவே தம்பியிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இருபது வருடம் அங்கேயே இருக்கட்டும், அங்கே நிரந்தரவாசியாகவும் இருக்கட்டும், பாஸ்போர்ட் இந்தியா என்றால் வாங்கலாம். பாஸ்போர்ட்டின் நகலைக் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்துவிட்டார் என்றால் வாங்கக்கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அவர் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். “அண்ணன் கணக்கில் போடுகிறேன், அண்ணன் சங்கத்துக்குக் கொடுக்கட்டும்” என்பார்கள். அதுவும் ஆகாது. கை மாறி வந்தாலும் வெளிநாட்டுப் பணம் வெளிநாட்டுப் பணமே என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அவர் கம்பெனிப் பெயரில் அனுப்பினால் சொந்தச் சேமிப்பு என்ற விலக்கும் போய்விடும்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பதிவு வாங்க வேண்டுமென்றால் பொதுவாக மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் சேவைக்குச் செலவழித்திருக்க வேண்டும். டில்லியில் ஒரு குறிப்பிட்ட ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்கு திறக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கும் ஊர்ச் சங்கத்துக்கும் கோடிக்கணக்கில் வாங்கும் நிறுவனத்துக்கும் ஒரே வாசல். சிறிய தொகைக்கு ஒரு எளிய வழி வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அது வரும் வரை சட்டம் இதுதான்.

கடைசியாக, என் துறை இல்லையென்றாலும் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைகளை வேனில் ஏற்றி மேடைக்கு அழைத்து வராதீர்கள். நீங்களே காப்பகத்துக்குப் போங்கள். போகும் முன், இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் அது பதிவு பெற்றதுதானா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள். அதே சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி அந்தப் பிள்ளைகளை அடையாளம் காட்டும் படமோ பெயரோ செய்தித்தாளிலும் வரக்கூடாது, மற்ற ஊடகங்களிலும் வரக்கூடாது. ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் கூட விதிக்கலாம். வாட்ஸ்ஆப் குழுவிலும் போட வேண்டாம். ஆண்டறிக்கைக்குப் படம் வேண்டுமென்றால் அடுக்கி வைத்த துணிகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போதே காப்பகத்துக்குப் போன் செய்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வயது, அளவு எழுதி வாங்குங்கள். கூடவே, தீபாவளி வாரத்தில் வேறு எத்தனை பேர் இனிப்போடு வருகிறார்கள் என்றும் கேளுங்கள். ஏற்கெனவே நாலு சங்கம் வருகிறது என்றால், இனிப்புக்கு வைத்த பணத்தில் கார்த்திகை மழைக்கு முன் போர்வை வாங்கிக் கொடுக்கலாம். அந்த பில்லும் சேவைக் கணக்கில்தான்.