‘ஆன்’ எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ஆன் மண்டே’ சரி, ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’ தவறு என்கிறார்களே, ஏன்?

பதில்: கிழமைப் பெயர் தனியாக வந்தால் முன்னால் ‘ஆன்’ வேண்டும். ‘லாஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘திஸ்’, ‘எவ்ரி’ இவற்றில் ஒன்று வந்துவிட்டால் ‘ஆன்’ விலகிவிடும்: ‘ஐ மெட் ஹிம் லாஸ்ட் மண்டே’. தமிழிலும் ‘அடுத்த திங்கட்கிழமை வருகிறேன்’ என்று ‘அன்று’ சேர்க்காமல்தானே சொல்கிறோம்?

பலர் வழுக்குவது இன்னோர் இடத்தில். காலையில் என்பதற்கு ‘இன் த மார்னிங்’. ஆனால் கிழமை கூடியதும் ‘ஆன் மண்டே மார்னிங்’ ஆகிவிடும். ‘இன் மண்டே மார்னிங்’ என்பது இல்லவே இல்லை.

திங்கட்கிழமைதோறும் நடப்பதற்கு ‘ஆன் மண்டேஸ்’ என்று சொல்லிப் பழகுங்கள். கடைசி ‘எஸ்’ விட்டுப்போனால் கேட்பவர் ஒரே ஒரு திங்களை நினைத்துக்கொள்வார். ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’யும் வம்புதான்: சிலருக்கு அது வரும் வெள்ளி, சிலருக்கு அதற்கு அடுத்த வெள்ளி. தேதியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: புதன்கிழமையை எழுதும்போது எப்போதும் பிழை வருகிறது.

பதில்: ஒலிப்பது ‘வென்ஸ்டே’, அதைக் கேட்டு எழுதினால் பிழைதான் வரும். எழுதும்போது மட்டும் மனத்துக்குள் ‘வெட்–நெஸ்–டே’ என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒலிக்காத எழுத்துகள் தப்பாது. முதல் எழுத்து வாக்கியத்தின் நடுவிலும் பெரிய எழுத்தே. செவ்வாயும் வியாழனும் ஒரே எழுத்தில் தொடங்குவதால், சுருக்கி எழுதினால் மூன்று எழுத்தாவது போடுங்கள்.