பிரசவ அறை சிஸ்டரிடம் கேளுங்கள்: அப்பா ஆனவர்களின் கடிதங்கள்

முதல் குழந்தை. பிரசவ அறையில் மனைவியின் பக்கத்திலேயே இருந்தேன். குழந்தையைப் பார்த்ததும் நெஞ்சு பொங்கும் என்று நினைத்திருந்தேன். நீலம் பாரித்து, தலை கூம்பி, மேலெல்லாம் வெள்ளைப் பசையோடு வந்ததைப் பார்த்ததும் பயம்தான் வந்தது. இரண்டு வாரம் ஆகியும் எல்லோரும் சொல்கிற அந்தப் பாசம் எனக்கு வரவில்லை. என் கையில் வீறிடுகிற குழந்தை, அம்மாவிடம் போனதும் அடங்கிவிடுகிறது. என்னிடம் ஏதாவது குறையா, சிஸ்டர்?

குறை எதுவும் இல்லை, தம்பி. பிள்ளையைக் கண்டதும் தேம்பி அழுத அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். சுவரோடு ஒட்டி நின்று, "எல்லாம் சரியா இருக்கா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். சில மாதம் கழித்துத் தடுப்பூசிக்குத் தூக்கி வரும்போது, இவர்களில் யார் எந்த ரகம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததே இல்லை.

உங்கள் பயத்துக்குக் காரணம், இப்படித்தான் இருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததுதான். வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தைக்கு ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. வெளியே வந்து அழுது காற்றை இழுத்த பிறகுதான் நுரையீரல் வேலையை ஏற்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்தைத் தொட ஏறக்குறைய 10 நிமிடம் பிடிக்கும். அதுவரை நீலம் தெரிவது இயல்பு. உடம்பு சிவந்த பிறகும் கை கால் நுனி மட்டும் ஓரிரு நாள் நீலமாக இருக்கலாம். மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒட்டிச் சேராதவை. பிறக்கும் பாதையில் நெருக்கி வரும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதால் தலை கூம்பித் தெரிகிறது. சில நாளில் தானாக உருண்டுவிடும். வெள்ளைப் பசை தோலுக்குக் காப்பு. குளிப்பாட்டுவதை 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

முதல் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் நர்ஸ் ஒரு எண் சொல்லியிருப்பார். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1952இல் வகுத்த முறை அது. இதயத் துடிப்பு, மூச்சு, தசை முறுக்கு, சீண்டினால் முகம் சுளிப்பது, நிறம் என ஐந்துக்கும் தலா 2 மதிப்பெண். 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் நாங்கள் நிம்மதியாகிவிடுவோம். "ஏன் 10 வரவில்லை?" என்று கலங்கும் அப்பாக்கள் உண்டு. கை கால் நீலத்துக்காகவே பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு மதிப்பெண் போய்விடும்.

இனி பாசத்துக்கு வருகிறேன். உங்கள் மனைவி அந்தக் குழந்தையின் உதையை மாதக்கணக்கில் உள்ளே உணர்ந்தவர். குழந்தைக்கும் அவர் குரல் பழக்கம், பால் வாசனையும் அங்கேதான். நீங்கள் இப்போதுதான் அறிமுகமாகிறீர்கள். அந்த அறிமுகம் கைவேலையால்தான் நடக்கும். தினமும் ஒரு வேலையை முழுக்க உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள். கூப்பிட்டால் வந்து செய்வது போதாது. அது உங்கள் பொறுப்பு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். ராத்திரி பால் குடித்து முடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வைத்து, டயப்பர் மாற்றிப் படுக்க வைப்பது நல்ல ஆரம்பம். சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் நெஞ்சில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சூடும் துடிப்பும் அதற்குப் பழகட்டும். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். கையில் ஏந்தியிருக்கும்போது உங்கள் முகம் அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. பேசுங்கள், என்ன வேண்டுமானாலும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் உங்களைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும்.

ஆனால் அழுகையும் ஏறக்குறைய ஆறாவது வாரத்தில்தான் உச்சத்துக்குப் போகும் என்பதையும் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பசி இல்லை, ஈரம் இல்லை, காய்ச்சல் இல்லை, அப்படியும் அழும். உங்களுக்குக் கோபம் தலைக்கேறினால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுச் சில நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். அது தப்பே இல்லை. ஒருபோதும் உலுக்கக் கூடாது. உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

பிறக்கும்போது 3.1 கிலோ. நான்காம் நாள் 2.9. பால் போதவில்லையோ என்று எல்லோரும் என் மனைவியைக் கேட்கிறார்கள்.

கேட்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவர் அல்ல. முதல் சில நாளில் பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறைவது சாதாரணம். 10 சதவீதத்தைத் தாண்டினால் மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பழைய எடை திரும்பிவிடும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு டயப்பராவது நன்றாக நனைந்தால் பால் போகிறது என்று அர்த்தம். எண்ணிக் குறித்து வையுங்கள்.

மனைவி காரணமே இல்லாமல் அழுகிறார். குழந்தை வந்தால் சந்தோஷமாக இருப்போம் என்று நினைத்தோம். என்ன செய்வது?

பிரசவம் முடிந்ததும் உடம்பில் ஹார்மோன்கள் சடாரென்று இறங்குகின்றன. தூக்கம் இல்லை, தையல் வலி, உதிரப்போக்கு வேறு பல வாரம் நீடிக்கும். மூன்றாம் நாளை ஒட்டி வரும் இந்த அழுகை இரண்டு வாரத்துக்குள் தணியும். "ஏன் அழறே?" என்று கேட்காதீர்கள், அவருக்கே தெரியாது. தொடர்ச்சியாகச் சில மணி நேரம் அவர் தூங்கும்படி குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் அழுகை தொடர்ந்தால், குழந்தை தூங்கும்போதுகூட அவருக்குத் தூக்கம் வரவில்லை என்றால், எதிலும் பிடிப்பு இல்லை என்றால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சை உண்டு, குணமாகும். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று சொன்னாலோ, இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, அன்றைக்கே மருத்துவமனை, தனியாக விடாதீர்கள். மருத்துவரிடம் அவரை மட்டும் அனுப்பாமல் கூடவே போங்கள். ராத்திரியில் நீங்கள் பார்த்ததை நீங்களே சொல்லுங்கள்; பல பெண்கள் அங்கே போனதும் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிடுவார்கள்.

இந்தச் சோர்வு அப்பாக்களுக்கும் வரும், தம்பி. உங்கள் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீங்கள் தூங்குகிறீர்களா? அடுத்த முறை எழுதும்போது அதையும் எழுதுங்கள்.